விடை கூறாத உபாத்தியாயர்

பயிரில் பூச்சி கண்டவுடன் எம்மருந்தை எவ்வளவு தெளிப்பது என்று கேட்பது குடியானவர்களின் வழக்கம். அளவைச் சொல்லி அனுப்பிவிடுவது அதிகாரிகளின் வழக்கம். இவ்வழக்கத்தினால் ஒரு தேசத்தின் நெற்பயிர் அபாயத்துக்குள்ளான வரலாற்றையும், பின்னர் அங்கே எழுந்த நூதனமான கல்வி முறையையும் ஐக்கிய சங்க அங்கத்தினர்கள் அறிதல் நலம்.

இந்தோனேஷியா 1984-ம் வருஷத்தில் அரிசியில் தன்னிறைவு எய்திற்று. அடுத்த ஈராண்டுகளில் ஜாவாத் தீவில் புகையான் பெருகிப் பயிரைக் கருக்கியது. விலையில் பெரும்பகுதியைச் சர்க்காரே மானியமாகக் கொடுத்தமையால் மருந்து மலிவாயிருந்தது. தெளிக்கத் தெளிக்கப் பூச்சி மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. காரணம் யாதெனில், புகையான் தன் முட்டைகளைப் பயிரின் தாளுக்குள்ளே இடுகிறது. மருந்து அங்கே நன்கு எட்டுவதில்லை. வெளியே திரிந்து புகையானைத் தின்னும் சிலந்தி முதலியனவே மடிகின்றன. பின்பு பொரிக்கும் குஞ்சுகளுக்குப் பகையற்ற வயல் கிடைக்கிறது. 1986 நவம்பரில் அந்நாட்டு ஜனாதிபதி நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தார். 1989-ல் மானியமும் நின்றது.

உத்தரவு மாத்திரம் போதாதென்று கண்டு, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் உதவியுடன் 1989-ல் தொடங்கியதே வயல்வெளிப் பள்ளி. சுமார் 25 குடியானவர்கள் ஒரு பருவம் முழுதும் வாரம் ஒருமுறை காலையில் வயலில் கூடுவர். ஐவர் ஐவராகப் பிரிந்து தூர்களைச் சோதித்து, பூச்சி, சிலந்தி, இலை, நீர், களை யாவற்றையும் பெரிய காகிதத்தில் சித்திரமாக வரைந்து, அவ்வாரம் செய்யத்தக்கது யாது என்று தம்முள் வாதிப்பர். எழுத்தறியாதவருக்கும் இது இயலும். “இது என்ன பூச்சி?” என்று ஒருவர் கேட்டால் உபாத்தியாயர் பெயரைச் சொல்லுவதில்லை. “எங்கே கண்டீர்? என்ன செய்துகொண்டிருந்தது?” என்று திருப்பிக் கேட்பார். ஐயம் தீராவிடில், பூச்சியையும் சிலந்தியையும் ஒரே வலைக்கூண்டில் விட்டு, எது எதைத் தின்கிறதென்று பார்ப்பர். பெயரை அறிந்தவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது என்பது இம்முறையை வகுத்தோர் கருத்து. நம் பள்ளிக்கூடங்களை நோக்கின் அது பொய்யென்று தோன்றவில்லை.

இலை நறுக்கும் பரீக்ஷையும் உண்டு. இளம்பயிரின் இலைகளில் ஒரு பகுதியைக் கத்தரித்துவிட்டு, நறுக்காத பயிரோடு விளைவை ஒப்பிடுவர். தூர் கட்டும் பருவத்தில் இலையிழந்த பயிர் பெரும்பாலும் புது இலை விட்டுத் தேறிவிடுகிறது. புழு கடித்த சில இலைகளைக் கண்டு பதறி மருந்து வாங்க ஓடியவர்களுக்கு இஃதொன்றே போதிய பாடமாயிற்று.

பத்தாண்டுகளில் சுமார் பத்து லக்ஷம் பேர் இவ்வாறு பயின்றனர். குறை இல்லாமலில்லை. செலவு அதிகம், பயின்றவரின் அறிவு அண்டை அயலாருக்கு எளிதில் பரவவில்லையென்று 2004-ல் வெளியான ஆராய்ச்சியொன்று கூறிற்று. வாயால் சொல்லிக் கொடுக்கும் சூத்திரமன்று. தானே பார்த்தாலன்றி நம்பிக்கை பிறவாது.

மருந்து விற்கும் சங்கங்களுக்கு இம்முறை உவப்பாயிராது. எனினும், ஓர் அங்கத்தினரின் வயலில் ஐந்து சென்டு வீதம் இரண்டு பாத்திகள் ஒதுக்கி, ஒன்றை வழக்கப்படியும், மற்றொன்றை வாரந்தோறும் பார்த்துத் தீர்மானித்தபடியும் நடத்தலாம். இரு பாத்திகளின் செலவையும் நெல்லின் எடையையும் தனித்தனியே சங்க நடவடிக்கைப் புஸ்தகத்தில் பதிந்து, பொதுக் கூட்டத்தில் வாசிக்கலாம்.