பந்தை அடக்கத் தெரியாத பிள்ளைக்கு வியூகம் எதற்கு?

14 வயதுக்குட்பட்டோருக்கான வலயமட்ட உதைபந்தாட்டப் போட்டியொன்று நடக்கும்போது மைதான ஓரத்தில் சற்று நின்று கேட்டுப் பாருங்கள். "அடிச்சி அனுப்பு!", "உன்ட இடத்துல நில்லு!", "வெச்சி விளையாடாத!" பெற்றோர் கத்துவார்கள், பழைய மாணவர்கள் கத்துவார்கள், பொறுப்பாசிரியர்களும் கத்துவோம். நானும் பல வருடங்கள் அப்படிக் கத்தியவன்தான்.

ஒருமுறை எனது அணி வலயத்தில் வென்றது. உயரமான இருவரைப் பின்களத்தில் நிறுத்தினேன். வேகமாக ஓடக்கூடிய ஒருவனை முன்னால் விட்டு, கிடைக்கும் பந்தையெல்லாம் அவனுக்கு உயர்த்தி அடிக்கச் சொன்னேன். காலைக் கூட்டத்தில் பாராட்டும் கிடைத்தது. அதே அணியில் சிறிய உடம்புக்காரன் ஒருவன் இருந்தான். பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு இரண்டு பேரைத் தாண்டிப் போவான், மூன்றாமவனிடம் பறிகொடுப்பான். கோல் விழுந்துவிடும் என்ற பயத்தில் அவனை வெளியில் உட்கார வைத்தேன். அடுத்த வருடம் அவன் பயிற்சிக்கே வரவில்லை. வென்று தந்த உயரமான பிள்ளைகள் 18 வயதுப் பிரிவுக்கு வந்தபோது, எதிரணிப் பிள்ளைகளும் அதேயளவு வளர்ந்திருந்தார்கள். வரும் பந்தை நெஞ்சால் இறக்கி, இடது காலால் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுக்க என் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அவர்களுக்குக் கற்றுக் கொடுக்காதவன் நான்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விடயம் விளங்கும். 22 பேர், ஒரு பந்து, 60 நிமிடம். பந்து ஒரு கணமும் வெளியே போகாமல் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தாலும் ஒருவருக்கு மூன்று நிமிடம்கூட வராது. நாலுக்கு நாலு விளையாடினால் அதே நேரத்தில் ஏழரை நிமிடம். நமது பிள்ளைகளுக்கு அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் கிடைப்பது ஒன்றரை மணித்தியாலம். அதற்குள் ஓதப் போகிறவர்களும் ரியூஷனுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் பாதியை மணலில் கோடு கீறி 4-4-2 விளக்குவதில் செலவழித்தால் பந்தைத் தொடுவது எப்போது?

2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தை நெதர்லாந்தோடு சேர்ந்து நடத்திய பெல்ஜியம், முதற்சுற்றிலேயே வெளியேறியது. அதன் பின்னர் தொழில்நுட்பப் பணிப்பாளர் மிஷெல் சப்லோன் தலைமையில் சிறுவர் உதைபந்தாட்டத்தையே மாற்றினார்கள். மிகச் சிறியவர்களுக்கு இரண்டுக்கு இரண்டு, பிறகு ஐந்துக்கு ஐந்து, எட்டுக்கு எட்டு, அதன் பின்னர்தான் பதினொருவர். கீழ் வயதுப் பிரிவுகளில் புள்ளிப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். 2018 உலகக் கிண்ணத்தில் அந்நாடு மூன்றாமிடம் பெற்றது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பெல்ஜியம் வியூகத்தைக் கைவிடவில்லை. பதினொருவர் ஆட்டத்துக்கு 4-3-3 என்று முதலே தீர்மானித்திருந்தார்கள். ஐந்து பேர் ஆடும்போது கோல் காப்பாளர் போக மற்ற நால்வரும் வைரக்கல் வடிவில் நிற்பார்கள். எட்டுப் பேர் ஆட்டத்தில் அது இரண்டு வைரமாகும். பிள்ளை பந்தோடு பழகும்போதே இடமும் பழகிவிடுகிறது.

ஆகவே திறன் முக்கியம் என்று சொல்லிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கூம்புகளைச் சுற்றிப் பந்தை உருட்டவிடுவதும் அரைகுறைதான். கூம்பு பந்தைப் பறிக்க வராது. நூறு தடவை பந்தைத் தட்டி நிறுத்துகிறவன் போட்டியில் தலையை உயர்த்தாமல் ஓடி மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட நாலு பேர் சதுரமாக நின்று பந்தைப் பரிமாற, நடுவில் ஒருவன் பறிக்க முயலும் விளையாட்டு எவ்வளவோ மேல். பந்து வருமுன் திரும்பிப் பார்க்க வேண்டும், உடம்பைத் திறந்து நிற்க வேண்டும், முதல் தொடுகையிலேயே பந்தை ஆளில்லாத பக்கம் தள்ள வேண்டும், கொடுத்த பிறகு இடம் மாற வேண்டும். திறனும் தந்திரமும் ஒரே விளையாட்டுக்குள் வந்துவிடுகின்றன. அடுத்தது மூவருக்கு எதிராக இருவர். கோல் கம்பத்துக்குச் செருப்பு போதும். பின்கள வரிசை, ஓஃப்சைட் பொறி, கூட்டாக நெருக்குவது எல்லாம் 14 வயதளவில் தொடங்கினாலும் பிந்திவிடாது. பந்தை அடக்கத் தெரிந்தவன் அவற்றைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வான்.

உருவத்தைப் பார்த்துத் தெரிவு செய்வதையும் விட வேண்டும். ஒரே வயதுப் பிரிவில் ஒரு வருடத்துக்கு மேல் மூத்தவனும் இளையவனும் சேர்ந்தே நிற்கிறார்கள். அதிபர் கேட்பது கிண்ணத்தை என்பதால் சொல்வது இலகு, செய்வது கஷ்டம்.

இந்த வருடம் நாங்கள் இரண்டாம் சுற்றில் தோற்றோம். எங்கள் கோல் காப்பாளர் பக்கத்தில் நின்றவனுக்குப் பந்தைக் கொடுத்தார். அவன் திரும்பும்போது பறிபோய் கோலாகிவிட்டது. "ஏன் சேர், அவன அடிக்கச் சொல்லல்ல?" என்று ஒரு தகப்பன் கோபமாகக் கேட்டார். நான் பேசாமல் நின்றேன். ஐந்து நிமிடம் கழித்து அதே கோல் காப்பாளர் அதே பையனுக்குக் கொடுத்தார். இம்முறை அவன் முதலே திரும்பிப் பார்த்துவிட்டுப் பந்தை வாங்கினான்.