தலைவர் விலகிட்டா அடுத்து என்ன? பைத்தானும் உத்திரமேரூர் கல்வெட்டும்

போன வாரம் காஞ்சிபுரம் மாவட்டத்துல இருக்கிற உத்திரமேரூருக்குப் போயிருந்தேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கிற சோழர் கல்வெட்டைப் பார்த்ததும் எனக்குப் பைத்தான் ஞாபகம்தான் வந்தது. பாம்பு இல்லைங்க, நம்ம புரோகிராமிங் மொழி!

2018 ஜூலையில், பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். மொழியில ஒரு சின்னக் குறியீட்டைச் சேர்க்கலாமா வேண்டாமான்னு நடந்த சண்டை அவரை அவ்வளவு சோர்வாக்கியிருந்தது. அதுவரைக்கும் எந்த விவாதத்திலும் கடைசி வார்த்தை அவரோடது. வாரிசையும் அவர் நியமிக்கல.

ஓப்பன் சோர்ஸ்ல பிடிக்கலைன்னா கோடை நகலெடுத்துத் தனியா போயிடலாம்னு சொல்வாங்க. ஆனா பெயரும் இணையதளமும் புது வெர்ஷனை வெளியிடுற அதிகாரமும் கூடவே வராது. அதனாலதான் யார் முடிவெடுக்கிறதுங்கிற கேள்வி முக்கியமாகுது.

பைத்தான் டெவலப்பர்கள் வாக்கெடுத்து, 2019-இல் ஐந்து பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தாங்க. ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு பேருக்கு மேல இருக்கக்கூடாது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழுந்தா குழுவையே நீக்கலாம்.

இப்ப உத்திரமேரூருக்கு வருவோம். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919. ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்கிற விதிகளைக் கல்லில் வெட்டினாங்க. இரண்டே வருஷத்துல, 921-இல், திருத்தி மறுபடியும் வெட்டினாங்க. 30 குடும்புகள், அதாவது 30 வார்டுகள். பெயர் எழுதின ஓலைகளைக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. ஓலையை வாங்குறவர் அஞ்சு விரலையும் விரிச்சு வாங்கணும். பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவரோட நெருங்கிய சொந்தக்காரங்களும் போட்டியிலயே இல்லை!

இதை முழு ஜனநாயகம்னு சொல்லிட முடியாது. அது பிராமணர்களின் சபை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் தகுதிகள். உழுதவங்களுக்கு அங்க இடமில்லை. பைத்தான்லயும் ஓட்டு முக்கிய டெவலப்பர்களுக்கு மட்டும்தான், அதை வச்சுப் பிழைக்கிற லட்சக்கணக்கானவங்களுக்கு இல்லை.

நான் கத்துக்கிட்டது இதுதான்: நல்ல தலைவர் கிடைக்கிறது அதிர்ஷ்டம். அவர் எப்படி விலகணும், எப்படிக் கணக்குக் காட்டணும்னு முன்னாடியே எழுதி வைக்கிறதுதான் நிர்வாகம். அடுத்த முறை உங்க ஆபீஸ் புராஜெக்ட்டுக்கு ஒரு லைப்ரரி தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை ஸ்டார்னு மட்டும் பார்க்காதீங்க. அதை நடத்துறவர் நாளைக்கே விலகினா என்ன ஆகும்னு எங்கயாவது எழுதியிருக்கான்னும் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!