மீதி 236 ரூபாய் எங்கே?

மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டதாக செல்போனில் மெசேஜ் வருகிறது. கைரேகை மெஷினில் விரலை வைத்தால், கணக்கில் 764 ரூபாய்தான் இருக்கிறது என்கிறது. “ஆயிரம் ஏறிச்சின்னு மெசேஜ் வந்துச்சே சார், கம்மியா இருக்குதே?” என்று கேட்டால், “பேங்க்ல போய் கேளுங்கம்மா” என்பார் மெஷின்காரர். பேங்கில் கேட்டால், “நாங்க எடுக்கலம்மா, சிஸ்டம் எடுத்திருக்கு” என்பார்கள். கல்வராயன் மலையின் குக்கிராமம் ஒன்றிலிருந்து வெள்ளிமலைக்கோ, கச்சிராயபாளையம் வழியாகக் கீழே கள்ளக்குறிச்சிக்கோ போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். பஸ் செலவும் சாப்பாடும் தனி. 236 ரூபாய்க்காக யார் அலைவது என்று பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கணக்கு பேங்குக்கும் தெரியும் என்பதுதான் என் எரிச்சல்.

கைரேகை வைத்துப் பணம் எடுக்கப் பழகியபின் பாஸ்புக்கில் என்ட்ரி போடும் வழக்கமே பலரிடம் போய்விட்டது. எங்கே போச்சு பணம் என்று தேடுகிறவர் முதலில் செய்ய வேண்டியது அதைத்தான். பற்று வரிசையில் இருக்கும் சுருக்கெழுத்து புரியாவிட்டாலும் தொகையை வைத்தே ஓரளவு ஊகித்துவிடலாம். 118, 236, 295, 590 போன்ற எண்கள் இருந்தால், அது அநேகமாக வங்கியின் கட்டணம். 100, 200, 250, 500 ரூபாய்க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் வருகிற தொகைகள் இவை. மினிமம் பேலன்ஸ் இல்லாததற்கான அபராதமாக இருக்கலாம். குழுக்கடன் தவணைக்குப் பணம் இல்லாமல் திரும்பியதற்கான கட்டணமாகவும் இருக்கலாம். 20 ரூபாயும் 436 ரூபாயும் வேறு வகை. அவை பிரதமர் விபத்துக் காப்பீடு, ஆயுள் காப்பீடு இரண்டின் ஆண்டு பிரீமியம். மே மாதக் கடைசியில் போகும். நீங்கள் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தீர்களா என்பதை பேங்க்தான் காட்ட வேண்டும்.

வெளிநாடுகளில் ஓவர்டிராஃப்ட் கட்டணம் என்று ஒன்று உண்டு. கணக்கில் இருப்பதற்கு மேல் செலவானால் பேங்க் தன் பணத்தைக் கொடுத்துவிட்டு அதற்கு அபராதம் போடும். நம் ஊர் சேமிப்புக் கணக்கில் கதை தலைகீழ். மினிமம் பேலன்ஸ் இல்லையென்றால், பணம் எடுக்காமல் சும்மா இருந்தாலும் அபராதம் ஏறும். கணக்கில் பிடிக்க ஒன்றுமில்லை என்றால் அதைப் பாக்கியாகக் குறித்துவைத்து, அடுத்து எந்தப் பணம் வந்தாலும் முதல் ஆளாகக் கழித்துக்கொள்ளும். நூறு நாள் வேலைக் கூலியோ, பிள்ளையின் உதவித்தொகையோ, எது வந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

மினிமம் பேலன்ஸ் அபராதத்துக்கு ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் விதி போட்டது. 2015 ஏப்ரல் முதல் நடைமுறை. இருப்பு குறைந்தால் வாடிக்கையாளருக்கு மெசேஜோ கடிதமோ அனுப்ப வேண்டும். சரிசெய்ய ஒரு மாத அவகாசம் தர வேண்டும். அபராதம் குறைகிற தொகைக்கு ஏற்ற அளவில்தான் இருக்க வேண்டும். இந்த அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. மைனஸ் காட்டாமல் பாக்கி என்று ஒதுக்கிவைத்து, பிறகு வாரிக்கொள்வதில் விதியின் எழுத்து தப்பிக்கிறது. நோக்கம் தப்பிக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. வேலை தேடி மலையிறங்கிப் போனவர்கள் இன்னொன்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லாமல் செயலற்றுப்போன கணக்கில் மினிமம் பேலன்ஸ் அபராதம் போடவே கூடாது.

2023 செப்டம்பர் 15-ல் உரிமைத் தொகைத் திட்டம் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டபோது பயனாளிகள் 1.06 கோடிப் பேர். முதல் மாதமே சில வங்கிகள் அந்த ஆயிரத்தைச் சேவைக் கட்டணத்துக்கும் பழைய கடனுக்கும் நேர்செய்துகொண்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கண்டித்து அறிக்கை விட்டார். அப்படிப் பிடித்தால் முதல்வரின் உதவி மையம் 1100-க்குப் புகார் செய்யச் சொன்னார். சிஸ்டம்தான் எடுத்தது என்று தட்டிக்கழிக்க முடியாது என்பது அப்போதே தெரிந்தது.

சில்லறைதானே என்று நினைக்க வேண்டாம். 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஸ்டேட் வங்கி மட்டும் மினிமம் பேலன்ஸ் அபராதமாக வசூலித்தது 1,771 கோடி ரூபாய். அந்த ஆண்டு ஜூலை–செப்டம்பர் காலாண்டில் அதன் நிகர லாபமே 1,581 கோடிதான். கடும் விமர்சனத்துக்குப் பின் கட்டணத்தைக் குறைத்து, 2020 மார்ச்சில் அடியோடு கைவிட்டது. அப்படியும் 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் சேர்ந்து சுமார் 8,495 கோடி வசூலித்ததாக நாடாளுமன்றத்திலேயே பதில் வந்தது. 2025-ல்தான் கனரா வங்கி ஜூனிலும், பஞ்சாப் நேஷனல், பாங்க் ஆஃப் பரோடா, இந்தியன் வங்கி ஆகியவை ஜூலையிலும் இந்த அபராதத்தை விட்டன. தனியார் வங்கிகள் பல விடவில்லை. விலக்கு வரும் முன் பிடித்த பணம் கேட்காமல் திரும்பி வரும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

கேட்பதை எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ச்சொல்லுக்குக் கவுன்டரில் மரியாதை இல்லை. தமிழில் ஒரு வெள்ளைத்தாள் போதும். இந்தத் தேதியில் இவ்வளவு ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. எதற்கென்று விளக்கம் வேண்டும். முன்கூட்டி எனக்கு அறிவிப்பு வரவில்லை. தொகையைத் திருப்பி வரவு வைக்கவும். நகலில் பேங்க் சீலும் தேதியும் வாங்காமல் நகரக் கூடாது. அந்த சீல்தான் ஆயுதம். பல நேரம் தாளைப் பார்த்ததுமே மேனேஜர் ரிவர்ஸ் என்ட்ரி போட்டுவிடுவார். மேல் அலுவலகத்துக்குப் பதில் எழுதுவதைவிட அது அவருக்கு லேசான வேலை. 30 நாளில் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால், காலம் தாழ்த்தாமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரிலிருந்து இது ஒருங்கிணைந்த ஒரே திட்டம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆன்லைன் வராது என்பவர்கள் தபாலில் அனுப்பலாம். 14448 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம்.

அதே தாளில் கடைசியாக இன்னொரு வரியும் எழுத வேண்டும்: ‘என் கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரவும்.’ 2012-லேயே ரிசர்வ் வங்கி கொண்டுவந்த ஏற்பாடு இது. மினிமம் பேலன்ஸ் கிடையாது, ஏ.டி.எம். கார்டு இலவசம், மாதம் நான்கு முறையாவது கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். பணம் போடுவதற்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடில்லை. ஆயிரம் ரூபாய் வந்து போகும் கணக்குக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? முக்கிய நிபந்தனை, அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. ஏழைப் பெண்களின் கணக்கு எது, அதில் வரும் அரசுப் பணம் எது என்று வங்கிகளின் கணினிக்கு நன்றாகவே தெரியும். அபராதத்தைத் தானாகப் பிடிக்கத் தெரிந்த அதே கணினி இந்த மாற்றத்தையும் தானாகச் செய்திருக்கலாம்.

ஆனால், பிடித்தது தவணை திரும்பியதற்கான கட்டணம் என்றால் அடிப்படைக் கணக்கு காப்பாற்றாது. பணத்தைத் திரும்ப வாங்குவதும் கஷ்டம். குழுக்கடனுக்கு ஆட்டோ டெபிட்டில் கையெழுத்துப் போட்டவர்கள், தவணைத் தேதி உரிமைத் தொகை ஏறும் தேதிக்கு முன்னால் இருக்கிறதா என்று பார்த்து, பின்னால் தள்ளிவைக்கும்படி கடன் கொடுத்தவரிடம் எழுதிக் கேட்கலாம். அதற்கும் நகலும் சீலும் வேண்டும்.