டாக்டர் இல்லை, டோக்கன் இல்லை... மனநோயாளிகளே நடத்திய மையம் எப்படி இயங்கியது?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 11 மணிக்கு மனசு தாங்கலன்னா, சிகிச்சையில் இருக்கும் ஒருவர் எங்கே போவார்? ஆஸ்பத்திரி பூட்டியிருக்கும். வீட்டில் சொன்னால் பயந்துவிடுவார்கள்.

கனடாவின் வான்கூவரில் இந்தக் கேள்விதான் ஓர் அமைப்பையே உருவாக்கியது. பகல்நேர மனநல மையம் ஒன்று இரவிலும் வார இறுதியிலும் இயங்காது. அங்கு சிகிச்சை பெற்ற சிலர் தற்கொலை செய்துகொண்டனர். மிச்சமிருந்தவர்கள் செய்தது ரொம்ப சின்ன வேலை: ஒருவருக்கொருவர் போன் நம்பர் கொடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லானி பெக்மன் முன்னெடுக்க, 1971-ல் 'மென்டல் பேஷன்ட்ஸ் அசோசியேஷன்' தொடங்கியது. 'மனநோயாளி' என்ற சொல்லை மறைக்காமல் பெயரிலேயே வைத்துக்கொண்டதைக் கவனிக்கணும்.

உள்ளே என்ன நடக்கும்?

பெரிசா ஒன்றும் நடக்காது, அதுதான் விஷயம். ஒரு வீடு. வரலாம், காபி குடிக்கலாம், பேசலாம், பேசாமலும் உட்காரலாம். அப்பாயின்ட்மென்ட், கேஸ் ஷீட் கிடையாது. 'உனக்கு என்ன வியாதி?' என்று யாரும் கேட்பதில்லை. செலவு முதல் விதிமுறை வரை உறுப்பினர்களின் பொதுக்கூட்டம்தான் முடிவெடுக்கும். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருங்கிணைப்பாளரையும் அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். நேற்று உதவி கேட்டு வந்தவர், நாளை அந்தப் பொறுப்புக்கே வரலாம். பின்னர் தங்கும் வீடுகளையும் நடத்தினார்கள்.

டாக்டருக்கு மாற்றா?

மருந்து, மருத்துவர் வேண்டியவருக்கு அது வேண்டும்தான். இந்த மையம் நிரப்புவது வேறு இடத்தை: தனிமையை.

சிக்கல் எங்கே?

அதிகாரம் யார் கையில் என்பதில். மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்ட அனுபவமுள்ள அமெரிக்கர் ஜூடி சேம்பர்லின், 1978-ல் வெளியான 'ஆன் அவர் ஓன்' நூலில் இதைத்தான் அலசினார். நிபுணர்களும் நோயாளிகளும் 'சேர்ந்து' நடத்துவதாகச் சொல்லும் இடங்களில் கடைசி வார்த்தை நிபுணருடையதாகவே இருக்கிறது என்பது அவர் வாதம். இன்னொரு பக்கம் பணம். அரசு நிதி வந்தால் கணக்கு, அறிக்கை, பதவி அடுக்கு எல்லாம் கூடவே வரும். வான்கூவர் அமைப்பு இப்போதும் இருக்கிறது; 'எம்.பி.ஏ. சொசைட்டி' என்ற பெயரில் வீட்டுவசதி, ஆதரவுச் சேவைகள் தரும் பெரிய நிறுவனமாக.

(மன உளைச்சலா? மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண்: 14416. 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம்.)