வெண்கல மனிதன் வைத்த பரீட்சை

பரீட்சை என்றால் காகிதமும் பேனாவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஏறக்குறைய ஆயிரம் வருஷங்களுக்கு முன்பு, சீன தேசத்தின் தலைநகரமாக இருந்த கைபெங் நகரில் வைத்திய மாணாக்கர்களுக்கு நடந்த பரீட்சை வேறு தினுசு. ஆளுயர வெண்கல மனிதன் ஒருவன் நிற்பான். அவன் உடம்பெங்கும் சிறு சிறு துவாரங்கள். அவை கண்ணுக்குத் தெரியாதபடி மேலே மெழுகு பூசி, உள்ளே தண்ணீரை நிரப்பிவிடுவார்கள். பாதரசம் நிரப்பினார்கள் என்று சொல்வாரும் உண்டு. ஆசிரியர் ஒரு ஸ்தானத்தின் பெயரைச் சொல்ல வேண்டியது. மாணாக்கன் அந்த இடத்தில் ஊசியைக் குத்த வேண்டியது. இடம் சரியானால் ஊசி உள்ளே இறங்கும், தண்ணீர் கசியும். தப்பானால் ஊசி வெண்கலத்தில் மோதி வளையும். மார்க்கு போதவில்லை என்று வாத்தியாரிடம் வாதாட இடமே இல்லை!

இந்த வெண்கல மனிதனைச் செய்வித்தவர் வாங் வெய்யி என்ற அரண்மனை வைத்தியர். ஊசி வைத்தியம் பற்றிய ஏடுகளைப் பிரதி எடுத்தவர்கள் ஆளுக்கொரு பிழை செய்து, ஒரே ஸ்தானத்துக்குப் பல இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. சக்கரவர்த்தியின் கட்டளைப்படி வாங் வெய்யி அவற்றையெல்லாம் ஒப்பிட்டு, 354 ஸ்தானங்களை நிர்ணயித்து, 1026-ம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டு இரண்டு வெண்கலப் பதுமைகள் தயாராயின. ஏடு அழியும், எழுத்து மாறும் என்று எண்ணி, நூலைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள். பழைய பதுமைகள் இரண்டும் மறைந்துவிட்டன. அவற்றின் வழியில் செய்த ஒரு பதுமையை 2017-ல் சீன ஜனாதிபதி ஜீ ஜின்பிங் ஜினீவாவுக்குக் கொண்டுபோய் உலக சுகாதார ஸ்தாபனத்துக்குப் பரிசளித்தார்.

ஊசி என்ன செய்கிறது?

ஊசி வைத்தியம் என்றதும், மருந்தை ஏற்றும் ஊசி என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. 'அக்குபங்சர்' என்று உலகம் அழைக்கும் இந்தச் சிகிச்சையில் மருந்து ஒரு துளியும் கிடையாது. தலைமயிரைவிடச் சற்றே தடித்த, கால் மில்லிமீட்டர் பருமனுள்ள, கெட்டியான எஃகுக் கம்பிதான் ஊசி. அதைத் தோலில் செருகி, இருபது முப்பது நிமிஷம் வைத்திருந்து எடுத்துவிடுகிறார்கள்.

சீனர்களின் பழைய சாஸ்திரம் சொல்லும் காரணம் இது. உடம்பில் 'ச்சீ' என்னும் உயிர்ச்சக்தி ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஓடுவதற்குப் பன்னிரண்டு பிரதான வழிகளும், எட்டு விசேஷ வழிகளும் உள்ளன. வாய்க்காலில் அடைப்பு ஏற்பட்டால் ஒரு வயல் காய்கிறது, இன்னொரு வயல் முழுகுகிறது அல்லவா? அதே மாதிரி ச்சீயின் ஓட்டம் தடைப்பட்டால் வியாதி. உரிய ஸ்தானத்தில் ஊசி குத்துவது மடையைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும். உலக சுகாதார ஸ்தாபனம் இன்று ஒப்புக்கொண்டுள்ள ஸ்தானங்கள் 361.

இந்தச் சாஸ்திரத்துக்கு மூலநூல் 'மஞ்சள் சக்கரவர்த்தியின் உள்நூல்'. அரசர் கேட்க, மந்திரி பதில் சொல்வதாக அமைந்த இந்நூல் ஈராயிரம் வருஷங்களுக்கு முன் தொகுக்கப்பட்டது. ஒன்பது வகை ஊசிகளை அது வருணிக்கிறது. சில கட்டியைக் கீறுவதற்கு. சில ரத்தம் எடுப்பதற்கு. மயிர்போல் மெல்லிய ஊசி ஒன்றுதான் இன்று பெருவழக்காக நிலைத்திருக்கிறது. ஆனால் இதைவிடப் பழைய சான்று ஒன்று வேறு விஷயம் சொல்கிறது. கிறிஸ்துவுக்கு முன் 168-ம் ஆண்டில் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1973-ல் மாவாங்துய் என்ற இடத்தில் தோண்டினார்கள். உள்ளே கிடைத்த பட்டுச் சுருள்களில் பதினொரு வழிகளே கூறப்பட்டுள்ளன. ஊசியைப் பற்றிப் பேச்சே இல்லை. சூடு போடுவதுதான் இருக்கிறது. ஆக, சாஸ்திரம் ஒரே நாளில் முழுமையாக வானத்திலிருந்து இறங்கிவிடவில்லை.

சூடு என்றேனே, அதுவும் இந்த வைத்தியத்தின் ஒரு பாதி. சீன மொழியில் 'ஜென்ஜியு' என்றால் ஊசியும் சூடும் என்றே பொருள். காய்ந்த இலையைப் பஞ்சாக்கிச் சுருட்டி, பற்றவைத்து, தோலருகே காட்டுவார்கள். அந்தச் செடி நம் மாசிபத்திரிக்கும் மருக்கொழுந்துக்கும் பங்காளி.

மாணாக்கன் படும் பாடு

இன்றைய சீன வைத்தியக் கல்லூரிகளில் படிப்பு ஐந்து வருஷம். பழைய நூல்களோடு உடற்கூறும் உடலியலும் மேல்நாட்டு முறையில் நோய் அறிவதும் பாடங்களே.

ஊசி பிடிக்கப் பழகுவது காகிதத்தில் ஆரம்பமாகிறது. காகிதங்களைக் கட்டாக மடித்து நூலால் கட்டி, அதில் குத்திக் குத்தி விரலுக்குப் பலம் ஏற்றுவார்கள். பிறகு துணியில் கட்டிய பஞ்சு உருண்டை. அதற்குப் பிறகு? தன்னுடைய கால்தான்! முழங்காலுக்குக் கீழே ஸூஸான்லி என்ற ஸ்தானம் இருக்கிறது. அங்கே தனக்குத்தானே குத்திக்கொண்ட பிறகு, பக்கத்திலிருக்கும் சக மாணாக்கன் கையை நீட்டுவான். பிறர் உடம்பில் கை வைக்குமுன் தன் உடம்பில் வலி அறிந்துகொள்ளச் செய்யும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் ஊரில் வேறு சில தொழில்களுக்கும் இதை விதித்தால் தேவலை.

ஸ்தானத்தை அளப்பதற்கு அடிக்கோல் உதவாது. நோயாளியின் கட்டைவிரல் அகலமே ஓர் அங்குலம். அவருடைய நான்கு விரல் சேர்ந்தால் மூன்று அங்குலம். குள்ளருக்குக் குள்ள அளவு, நெட்டையருக்கு நெட்டை அளவு. நம் வர்ம ஆசான்களும் விரலால்தான் அளக்கிறார்கள்.

ஊசி இறங்கியதும் நோயாளிக்கு அந்த இடத்தில் மரமரப்பு, கனம், ஒருவித உளைச்சல் தோன்ற வேண்டும். 'ச்சீ வந்தது' என்பார்கள் இதை. அதே சமயத்தில் வைத்தியன் விரலுக்கும் ஊசியை ஏதோ கவ்வியது போலத் தெரியுமாம். தூண்டிலில் மீன் கடிப்பதை உவமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதைப் புஸ்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

அதைவிடக் கஷ்டம் நாடி. இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று இடங்களில் விரல் வைத்து, லேசாகவும் அழுத்தியும் பார்க்க வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த லீ ஷிஜென் இருபத்தேழு வகை நாடிகளைப் பிரித்துக் காட்டினார். மூன்று விரலால் வாதம், பித்தம், கபம் பார்க்கும் நம் சித்த வைத்தியர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. போகர் சீனத்துக்குப் போனார் என்றும், சீனத்திலிருந்தே வந்தார் என்றும் நம்மவர் சொல்லும் கதையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் கதை கதைதான், சரித்திரச் சான்று ஆகாது.

அரசர் தள்ளியதும் ஜனங்கள் காத்ததும்

இவ்வளவு பெருமையுள்ள வித்தை சீனாவிலேயே ஒரு சமயம் செல்லாக்காசாயிற்று என்றால் நம்புவீர்களா? 1822-ல் தாவ்குவாங் சக்கரவர்த்தி, அரசாங்க வைத்தியக் கழகத்தில் ஊசியும் சூடும் கற்பிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். மன்னர் திருமேனியில் ஊசி குத்துவதும் சூடு போடுவதும் தகாத காரியமாம். பிறகு அது கிராமங்களிலும் கடைத்தெருவிலும் பிழைத்துக் கிடந்தது. 1929-ல் சுதேசி வைத்தியம் முழுவதையுமே ஒழிக்க வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் தீர்மானம் செய்தார்கள். மார்ச் 17-ந் தேதி வைத்தியர்கள் ஷாங்காயில் கூடி எதிர்த்ததில் தீர்மானம் அமுலுக்கு வராமலே போயிற்று.

அந்த நாட்களில் ஊசி வைத்தியத்துக்குப் புத்துயிர் கொடுத்தவர் செங் தான்-அன். பழைய படங்களில் காட்டிய ஸ்தானங்களை இவர் நவீன உடற்கூறோடு ஒப்பிட்டு, ரத்தக் குழாய்களை விட்டு விலக்கி வைத்தார். ஊஷி நகரில் பள்ளிக்கூடம் நடத்தினார். தபால் மூலமும் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1933-ல் இதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். ஜப்பானுக்குச் சென்று அங்குள்ள பள்ளிகளையும் பார்த்து வந்தார். இன்று உலகெங்கும் நடக்கும் ஊசி வைத்தியம், ஆதி காலத்து முறை அப்படியே வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் இப்போதைய உருவத்தில் இவரைப் போன்றவர்களின் கைவேலை நிறைய இருக்கிறது.

மாவோ ஆட்சியில் காற்று திரும்பியது. கோடிக்கணக்கான ஜனங்களுக்குப் போதிய டாக்டர்கள் இல்லை என்ற நெருக்கடி அதற்கு ஒரு முக்கிய காரணம். 1956-ல் பீக்கிங் (பெய்ஜிங் என்கிறார்களே, அதுதான்), ஷாங்காய், குவாங்சௌ, செங்டு ஆகிய நான்கு நகரங்களில் சர்க்கார் கல்லூரிகள் திறந்தன. 1968 முதல் 'வெறுங்கால் டாக்டர்கள்' பிரசித்தமானார்கள். சில மாதப் பயிற்சி பெற்ற கிராமத்து இளைஞர்களும் பெண்களும்தான் இவர்கள். வயல் வேலைக்கு நடுவே, ஊசிகளும் சில மூலிகைகளும் கொஞ்சம் மாத்திரைகளும் அடங்கிய பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வேலை செய்தார்கள்.

இந்தியாவுக்கு இந்த வித்தை வந்தது ஒரு நட்பின் வழியாக. 1938-ல் ஜப்பானிய யுத்தத்தில் அடிபட்ட சீனர்களுக்குச் சிகிச்சை செய்யக் காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அவர்களில் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே உயிர் நீத்தார். திரும்பிய டாக்டர் பிஜோய் குமார் பாசு, 1950-களின் கடைசியில் மறுபடி சீனா சென்று ஊசி வைத்தியம் கற்று, 1959-ல் கல்கத்தாவில் சிகிச்சை செய்ய ஆரம்பித்தார். அமெரிக்கர்கள் விழித்தது அதற்கும் பன்னிரண்டு வருஷம் பின்னால்தான். 1971 ஜூலையில் பீக்கிங் சென்றிருந்த 'நியூயார்க் டைம்ஸ்' நிருபர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் வீக்கம் கண்டு ஆபரேஷன் நடந்தது. மறுநாள் இரவு வயிறு உப்பிக்கொள்ளவே, முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி குத்தி, இலைச் சூடும் காட்டினார்கள். அது மலிவான சுருட்டின் எரியும் துண்டு போலத் தெரிந்ததாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் உப்பசம் தணிந்தது. ஆபரேஷனையே ஊசி குத்தி மயக்கித்தான் செய்தார்கள் என்று இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது தவறு. ஆபரேஷன் நடந்தது சாதாரண மயக்க மருந்தில்தான்.

நிஜ ஊசியும் போலி ஊசியும்

இனி வெண்கல மனிதனுக்கே ஒரு பரீட்சை. நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரை ஜெர்மனியில் மூன்று பிரிவாகப் பிரித்துச் சிகிச்சை செய்தார்கள். முடிவு 2007-ல் வெளியாயிற்று. ஒரு பிரிவுக்குச் சாஸ்திரப்படி, உரிய ஸ்தானங்களில் ஊசி. இன்னொரு பிரிவுக்கு ஸ்தானமே இல்லாத இடங்களில், மேலோட்டமாக ஊசி. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மருந்தும் தேகாப்பியாசமும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் நூற்றுக்கு 47.6 பேருக்குக் குணம் தெரிந்தது. போலி ஊசிக்காரர்களில் 44.2 பேருக்கு. மருந்து, அப்பியாசக்காரர்களில் 27.4 பேருக்குத்தான்!

இதை வைத்துக்கொண்டு இரு கட்சிக்காரர்களும் வெற்றி முழக்கம் செய்தார்கள். ஊசி மருந்தை ஜெயித்துவிட்டது என்றது ஒரு கட்சி. எங்கே குத்தினாலும் ஒன்றுதான் என்றால் 361 ஸ்தானங்களும் எதற்கு என்றது மறு கட்சி. இரண்டாவது கேள்விக்கு ஊசி வைத்தியர்கள் சமாதானமான பதில் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தோலில் எங்கே குத்தினாலும் உடம்பு சும்மா இருப்பதில்லை என்பது உண்மை. பீக்கிங்கில் ஹான் ஜிஷெங் என்ற விஞ்ஞானி 1965 முதல் இதை ஆராய்ந்தார். ஊசி குத்திய முயலின் மூளை நீரை எடுத்து வேறொரு முயலின் மூளையில் விட்டபோது, அதற்கும் வலி தாங்கும் சக்தி கூடியது. மூளையே வலிநிவாரணி சுரக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று. ஆனால் ச்சீ ஓடும் வழி இருக்கிறது என்பதற்கு இது சான்று அல்ல. நோயாளியின் நம்பிக்கைக்கும், அரைமணி நேரம் ஒருவர் அருகிலிருந்து கவனிப்பதற்கும் எவ்வளவு பங்கு என்பதும் தீரவில்லை. ஜெர்மனி சர்க்கார் இன்ஷூரன்ஸ்காரர்கள், இடுப்புவலிக்கும் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கும் மட்டும் பணம் கொடுக்கச் சம்மதித்தார்கள், தலைவலிக்கு இல்லை. வலியையும் குமட்டலையும் விட்டு, நீரிழிவும் புற்றுநோயும் ஊசியால் தீரும் என்று யாராவது போர்டு மாட்டினால் அந்தப் படி ஏறவே வேண்டாம்.

எங்கே குத்துவது என்பதில் சர்ச்சை இருக்கலாம். எவ்வளவு ஆழம் என்பதில் சர்ச்சைக்கு இடமில்லை. தோள்மேட்டிலுள்ள ஜியான்ஜிங் என்ற ஸ்தானத்துக்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி. ஆழமாகக் குத்தினால் நுரையீரல் ஓட்டையாகி மூச்சு முட்டும். இப்படி நேர்ந்திருக்கிறது. ஒரே ஊசியைப் பலருக்குக் குத்தியதால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவியதும் உண்டு. ஆகவே புதிய ஊசியின் உறை உங்கள் கண்ணெதிரில் பிரிக்கப்பட வேண்டும்.

சீன வைத்தியத்தின் மற்றொரு கையான மூலிகையிலோ பெயர் மயக்கம் பெரும் ஆபத்து. பிரஸ்ஸல்ஸ் நகரில் 1990-களின் தொடக்கத்தில் உடம்பு இளைக்க மருந்து சாப்பிட்ட பெண்களில் நூற்றுக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது. 'ஃபாங்ஜி' என்ற மூலிகைக்குப் பதில் 'குவாங் ஃபாங்ஜி' என்ற நஞ்சு மூலிகை வந்து சேர்ந்திருந்தது. ஒரு சொல் வித்தியாசம்தான்!

அதே மூலிகை ஏடுகளிலிருந்துதான் தூ யூயூ அம்மையார் மலேரியா மருந்தை எடுத்தார். மேல்நாட்டு மருந்தியல் படித்த அவரை 1959-லிருந்து இரண்டரை வருஷம் சீன வைத்தியம் கற்கச் சர்க்கார் அனுப்பியது. நாலாம் நூற்றாண்டில் கே ஹுங் எழுதிய நூலில், பச்சிலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி இருப்பதைக் கண்டார். கொதிக்க வைத்ததால்தான் சத்து கெட்டது என்று ஊகித்து, ஈதரில் குறைந்த சூட்டில் வடித்தார். 1971-ல் பலித்தது. மனிதருக்குக் கொடுக்குமுன் தாமே சாப்பிட்டுப் பார்த்தார். 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செடியும் மருக்கொழுந்தின் பங்காளியே.

கல்லூரிப் பட்டம் இல்லாமல் ஆசானிடமே இருந்து கற்றவர்களின் கதி என்ன? பட்டம் பெற்றவர்களுக்கான லைசென்ஸ் பரீட்சை அவர்களுக்கு எட்டாக்கனியாக இருந்தது. 2017 ஜூலை முதல் அமுலுக்கு வந்த சீன வைத்தியச் சட்டம் அவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. குறைந்தபட்சம் இரண்டு வைத்தியர்கள் சிபாரிசு செய்ய வேண்டும். மாகாண அதிகாரிகள் வைக்கும் பரீட்சையில் தம் கைத்திறமையைக் காட்டித் தேற வேண்டும். தேறினாலும், எந்த முறையில் தேறினாரோ அந்த முறையில் மட்டுமே அவர் வைத்தியம் செய்யலாம்.