ஊர் கூடி எடுத்த முடிவும் ஊரார் போடாத வாக்கும்

தமிழ்நாட்டில் ஊரகத் தேர்தல் அறிவிக்கப்படும்போதெல்லாம் சில கிராமங்களிலிருந்து ஒரே மாதிரியான செய்தி வருகிறது. கோயில் திடலில் ஊர்க்கூட்டம் நடந்தது, தலைவர் பதவி ஏலத்துக்கு வந்தது, அதிகத் தொகை கேட்டவரைத் தவிர வேறு யாரும் மனுத் தாக்கல் செய்யக் கூடாது என்று முடிவானது என்பதே அந்தச் செய்தி. 2019 டிசம்பரில் கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனதாக வந்த செய்தி மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. இத்தகைய ஊர்களில் சொல்லப்படும் நியாயமும் ஏறக்குறைய ஒன்றுதான்: தேர்தல் வந்தால் ஊர் இரண்டாகப் பிரியும், ஏலம் விட்டால் சண்டையும் மிச்சம், செலவும் மிச்சம், வருகிற பணம் கோயிலுக்கோ பொதுக் காரியத்துக்கோ போகிறது. நகரத்தில் உட்கார்ந்துகொண்டு இதை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால், இப்படிச் சொல்பவர்களில் பலர் தங்கள் ஊரின் நன்மையை நினைத்தே சொல்கிறார்கள். அதனால் இந்த நியாயத்துக்கு மரியாதையோடு பதில் சொல்லியாக வேண்டும். என் பதில் இதுதான்: எதிர்த்து நிற்க யாருக்கும் அச்சமில்லாத ஊரில் மட்டுமே ஒருமனதான தேர்வு ஒற்றுமையாகும். மற்ற இடங்களில் அது, ஊரில் ஒரு பகுதியினர் மற்றொரு பகுதியினரின் வாக்கை எடுத்துக்கொள்வதாகவே முடிகிறது.

முதலில், பணயம் வைக்கப்படுவது என்ன என்று பார்க்கலாம். அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. 1996-இல் புதிய முறைப்படி முதல் தேர்தல் நடந்தது. கிராமத்து வாக்காளர் ஒருவர் நான்கு வாக்குச்சீட்டுகள் வாங்குகிறார்: வார்டு உறுப்பினருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலருக்கு ஒன்று. பின்னவை இரண்டும் கட்சிச் சின்னத்தில் நடப்பவை. வார்டு உறுப்பினர், தலைவர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டுச் சாவி, ஆட்டோ போன்ற பொதுச் சின்னங்கள்தான். குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு, ஊர்ச்சாலை, வீட்டு வரி எல்லாம் ஊராட்சியின் பொறுப்பு. மத்திய நிதி ஆணையத்தின் மானியம் ஊராட்சிக்கு வருகிறது. தலைவரும், வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் துணைத் தலைவரும் சேர்ந்து காசோலையில் கையெழுத்திடுகிறார்கள். எந்தத் தெருவுக்கு முதலில் குழாய், எந்தப் பாதைக்கு முதலில் சிமென்ட் என்பதில் இவர்களுடைய சொல் எடுபடும். ஒரு ஏழைக் குடும்பத்தின் அன்றாடத்தைச் சட்டமன்ற உறுப்பினரைவிட நெருக்கமாகத் தொடுகிற பதவி இது.

போட்டியில்லாத தேர்வு எவ்வளவு பரவலானது? 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் நடந்த தேர்தலில் மொத்தப் பதவிகள் 91,975. அவற்றில் 18,570 பேர் போட்டியின்றித் தேர்வானார்கள். இந்த எண்ணைச் சரியாக வாசிக்க வேண்டும். அவர்களில் 18,137 பேர் வார்டு உறுப்பினர்கள். தலைவர்கள் 410 பேர். மொத்த வார்டுகள் 76,746. ஏறக்குறைய நான்கில் ஒன்றில் வாக்குப்பதிவே இல்லை. தலைவர் பதவிகள் 9,624. அவற்றில் 23-க்கு ஒன்று என்ற அளவில்தான் போட்டியில்லை. எல்லாவற்றையும் ஏலம் என்று சொல்வது அநியாயம். சில நூறு வாக்குகள் கொண்ட வார்டில், பெரிய அதிகாரமோ வருமானமோ இல்லாத உறுப்பினர் பதவிக்கு இரண்டாவது ஆள் முன்வராமல் போவது இயல்புதான். ஆனால், அதிகாரமும் பணமும் புழங்கும் தலைவர் பதவிக்குப் பெரும்பாலான ஊர்களில் போட்டி இருக்கும்போது, ஓர் ஊரில் மட்டும் ஒருவர்கூட எதிர்த்து நிற்கவில்லை என்றால், ஏன் என்று கேட்பது நம் கடமை. ஊரே மெச்சும் ஒருவர் அங்கே இருக்கலாம். எதிர்த்து நின்றால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கவும் கூடும்.

அந்த முடிவை எடுக்கிற ஊர்க்கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல ஊர்களில் ஊர்க்கூட்டத்தின் கணக்கு தலைக்கட்டுக் கணக்கு. வரி கொடுக்கிற குடும்பத்துக்கு ஓர் ஆண் என்ற கணக்கில் அங்கே பேச்சு நடக்கிறது. பெண்கள் பெரும்பாலும் திடலுக்கு வருவதில்லை. கைம்பெண்ணின் வீடு பல இடங்களில் தலைக்கட்டாகவே எண்ணப்படுவதில்லை. காலனியில் இருப்பவர்களுக்குக் கோயில் வரியும் இல்லை, கோயில் கூட்டத்தில் இடமும் இல்லை. ஆனால், ஊராட்சி என்பது அந்த ஒரு கோயில் ஊர் மட்டுமல்ல. பல குக்கிராமங்களும் பல சாதியினரும், காலனியும் சேர்ந்ததுதான் ஊராட்சி. வாக்காளர் பட்டியலில் பதினெட்டு வயது நிரம்பிய எல்லோரும் தனித்தனி ஆளாக இருக்கிறார்கள். கூலிக்குப் போகிற பெண்ணுக்கும் நிலக்கிழாருக்கும் ஆளுக்கொரு சீட்டு. அந்தப் பட்டியலில் உள்ள எல்லோருக்குமான பதவியைத் தலைக்கட்டுக்காரர்கள் மட்டும் கூடித் தீர்மானித்தால், அதை ஊரின் முடிவு என்று எப்படிச் சொல்ல முடியும்?

சட்டமும் இதைத் தெளிவாகவே பார்க்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டமும் இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவும், வாக்களிக்கும் உரிமையோடு நிற்பதில்லை. தேர்தலில் நிற்பது, நிற்காமல் இருப்பது, மனுவைத் திரும்பப் பெறுவது ஆகியவற்றையும் தேர்தல் உரிமை என்றே அவை வரையறுக்கின்றன. ஒருவரைப் போட்டியிடாமல் இருக்கச் செய்வதற்காகப் பணம் கொடுப்பது லஞ்சம். மிரட்டுவது முறையற்ற செல்வாக்கு. ஆகவே ஏலத்தொகை கோயில் உண்டியலுக்குப் போனாலும் பள்ளிக்கூடச் சுவருக்குப் போனாலும் குற்றம் குற்றம்தான். ஊர் முழுக்க உடன்பட்டிருக்கும் இடத்தில் புகார் கொடுக்கவும் சாட்சி சொல்லவும் ஆள் கிடைப்பதில்லை என்பதே நடைமுறைச் சிக்கல்.

ஊர்க்கட்டுப்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு பாடம் படித்திருக்கிறது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகள் அங்கே ஊராட்சி இயல்பாக இயங்கவே இல்லை. தேர்தல் அறிவிப்பு வரும். யாரும் மனுத் தாக்கல் செய்ய மாட்டார்கள். இல்லையென்றால், ஊர்ப் பெரியவர்கள் நிறுத்திய ஒருவர் வென்று, பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் கொடுப்பார். வெளியிலிருந்து பார்த்தால் அடிதடி இல்லை, தேர்தல் செலவும் இல்லை. அந்த அமைதிக்கு விலை கொடுத்தவர்கள், சட்டம் தந்த பதவியைத் தொட முடியாமல் இருந்த தலித் குடும்பங்கள். 2006-இல், அப்போதைய மதுரை ஆட்சியர் த. உதயச்சந்திரன் அந்த ஊர்களில் பேச்சுவார்த்தை நடத்தி வழி ஏற்படுத்திய பிறகே நிலைமை மாறியது. அந்த ஆண்டு நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. அன்றைய முதல்வர் மு. கருணாநிதி அதைச் சமத்துவப் பெருவிழாவாகவே கொண்டாடினார். 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டியில் நடந்த கிராம சபையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார். தேர்தல் நடந்தால் ஊர் சிதைந்துவிடும் என்று பத்தாண்டுகள் சொல்லப்பட்டது. தேர்தலுக்குப் பிறகும் அந்த ஊர்கள் இருக்கின்றன.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். மதுரை மாவட்டம் மேலவளவில் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியில் வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டாரே, போட்டிதானே அந்த உயிர்களை வாங்கியது என்று கேட்கலாம். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கிராமத்தில் எதிர்த்து நிற்பது உயிரையே பணயம் வைப்பதாக இருந்திருக்கிறது. இன்றும் சில இடங்களில் அப்படித்தான். ஆனால், மேலவளவில் கத்தியை எடுத்தவர்கள் தேர்தலின் முடிவை ஏற்க மறுத்தவர்கள். பகை வாக்குப் பெட்டிக்கு முன்பே அங்கே இருந்தது. கீழே இருந்தவர் அடங்கிப்போனதால் அது வெளியே தெரியவில்லை. சண்டை வரும் என்று அஞ்சித் தேர்தலை விட்டுக்கொடுத்தால், மிரட்டுகிறவருக்கே வெற்றி. நிற்பவருக்கும் வென்றவருக்கும் அரசு கொடுக்க வேண்டிய பாதுகாப்பு குறைந்திருக்கிறது. அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டாவது மறுப்பு பணம் பற்றியது. தேர்தல் நடந்தாலும் வாக்குக்குப் பணம் கொடுக்கத்தானே போகிறார்கள், அந்தப் பணம் ஊர்ப் பொதுவுக்கு வந்தால் நல்லதுதானே என்கிறார்கள். வாக்குக்குப் பணம் கொடுப்பது கேடு, அதில் ஐயமில்லை. ஆனாலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. பணம் வாங்கிய வாக்காளர் மறைப்புக்குள் போய், தான் விரும்பியவருக்கே முத்திரை குத்தலாம். அவருடைய சீட்டு அவர் கையில்தான் இருக்கிறது. ஏலத்தில் அந்தச் சீட்டே அச்சாவதில்லை. மேலும், ஏலத்தொகை சேர்வது ஊராட்சிக் கணக்கில் அல்ல, கோயில் கணக்கில். அதற்கு அரசுத் தணிக்கை இல்லை. கிராம சபையில் கேள்வி கேட்கவும் முடியாது. அந்தக் கோயிலுக்குள் நுழைய முடியாதவர்களின் வாக்கும் சேர்த்துத்தான் அங்கே விற்கப்பட்டிருக்கிறது. பல லட்சம் கொட்டி வந்தவர் ஐந்து ஆண்டுகளில் அதை எங்கிருந்து எடுப்பார் என்பதையும் யோசிக்க வேண்டும். சாலை ஒப்பந்தம், குழாய் வேலை, வீடு கட்டும் திட்டம் ஆகியவற்றைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. எதிர்த்து நின்று தோற்றவர் ஒருவர் இருந்தால், கணக்கைக் கேட்கவாவது ஓர் ஆள் இருப்பார். ஏலம் அவரையும் முன்கூட்டியே அப்புறப்படுத்திவிடுகிறது.

மூன்றாவது மறுப்பு அரசுகளிடமிருந்தே வருகிறது. குஜராத்தில் 2001 முதல் ‘சமரஸ்’ என்ற பெயரில், போட்டியின்றித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கிராமங்களுக்கு ஊக்கத்தொகை தரப்படுகிறது. ஆந்திரத்தில் 2021 தேர்தலின்போது மக்கள்தொகைக்கு ஏற்ப 5 லட்சம் முதல் 20 லட்சம் ரூபாய் வரை அறிவிக்கப்பட்டது. கிராமம் ஒரு குடும்பம், குடும்பத்துக்குள் போட்டி எதற்கு என்பது இதன் பின்னுள்ள எண்ணம். ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் வேண்டாம் என்று வைத்ததிலும் இதே எண்ணத்தின் சாயல் உண்டு. கிராமத்தைப் பற்றிய இந்த இனிய கற்பனையை அம்பேத்கர் 1948-லேயே அரசியல் நிர்ணய சபையில் கடுமையாக மறுத்தார். அனுபவமும் அவர் பக்கமே நிற்கிறது. கட்சி விலகிய இடத்தில் சாதியும் பங்காளி வகையறாவும் கட்சியாக மாறிக்கொள்கின்றன. அதற்கு மேல் அரசே ஊக்கத்தொகையும் அறிவித்தால், நிற்க நினைக்கும் எளியவரிடம், உன்னால்தான் ஊருக்கு வரவேண்டிய லட்சங்கள் போகின்றன என்று சொல்ல மற்றவர்களுக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடுகிறது.

அப்படியானால் உண்மையான ஒருமனத் தேர்வே கிடையாதா? உண்டு. தன்னலமில்லாமல் உழைத்த ஒருவரைப் பார்த்து, அவரை எதிர்த்து நிற்க ஊரில் யாருக்கும் மனம் வராமல் போகலாம். அதைக் கண்டறிய எளிய சோதனைகள் இருக்கின்றன. அந்தப் பேச்சில் பெண்கள் இருந்தார்களா? எல்லாக் குக்கிராமங்களும் காலனியும் வந்தனவா? பணம் கைமாறியதா? மாறுபட்ட கருத்துள்ளவர் மனுப் போட்டிருந்தால், அவருக்கு மறுநாளும் கடையில் அரிசியும் வயலில் வேலையும் கிடைத்திருக்குமா? இந்தக் கேள்விகளில் தேறுகிற ஊர் பெருமைப்படலாம். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டத் திருத்தம் 2016-இல் வந்தது. பெண்கள் தலைவராக வேண்டிய ஊராட்சியில், யார் நிற்க வேண்டும் என்பதை ஆண்கள் மட்டும் கூடி முடிவுசெய்தால் அந்த ஒதுக்கீட்டுக்கு என்ன பொருள் மிஞ்சும்?

செய்யக்கூடியவை நம் கைக்கு எட்டாதவை அல்ல. மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்டத்தின் உம்ராணே, நந்துர்பார் மாவட்டத்தின் கோண்டமளி ஆகிய இரு ஊர்களில் பதவிகள் ஏலம் விடப்பட்டது தெரிந்ததும், அம்மாநிலத் தேர்தல் ஆணையம் 2021 ஜனவரியில் அங்கே தேர்தலையே ரத்து செய்தது. தமிழ்நாட்டிலும் ஏலப் புகார் உள்ள ஊரில் ஒரே ஒரு மனுதான் வந்திருக்கிறது என்றால், வெற்றிச் சான்றிதழ் கொடுப்பதற்கு முன்பே விசாரித்து, தேவையானால் மறு அறிவிப்பு வெளியிட வேண்டும். மனுப் போட வருபவருக்கு முதல் நாளிலிருந்தே காவல் பாதுகாப்பு கிடைக்க வேண்டும். ஒரே வேட்பாளர் நிற்கும் தலைவர் பதவிக்கும் ‘இவர் வேண்டாம்’ என்று முத்திரை குத்த இடமுள்ள வாக்குச்சீட்டைக் கொடுக்கலாம். உண்மையிலேயே ஊர் மெச்சும் தலைவருக்கு அதனால் இழப்பு எதுவும் இல்லை.

2019-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. அந்த ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் கட்டளை. தேர்தலைத் தள்ளிப்போடும் அரசும், தேர்தலே வேண்டாம் என்று திடலில் முடிவெடுக்கும் ஊரும், மக்கள் வாக்களிக்காமலேயே காரியம் நடந்துவிடும் என்ற ஒரே எண்ணத்துக்குத்தான் வலுச்சேர்க்கின்றன. வாக்களிப்பதால் எல்லாம் சரியாகிவிடாது. தவறானவர்களும் வெல்வார்கள், பகையும் வரும். ஆனால், ஊர்க்கூட்டத்தில் வாய்திறக்க இடமில்லாதவர்களின் விருப்பமும் சம எடையோடு எண்ணப்படுவதற்கு, வாக்குப் பெட்டியைத் தவிர வேறு ஏற்பாட்டை நம் கிராமங்கள் இன்னும் உருவாக்கவில்லை. அதனால்தான் அடுத்த தேர்தலின்போது ஊர்ப் பெரியவர்கள் செய்யக்கூடிய உண்மையான பொதுக் காரியம், எதிர்த்து நிற்க வருகிறவரை நிற்க விடுவது.