தட்டினால் தெரியும் வெண்கலம்

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்சேவை செய்யத் தல்லாகுளத்தில் திரளும் கூட்டத்தில் பலர் கையில் சர்க்கரைச் சொம்பு இருக்கும். அது பெரும்பாலும் பித்தளை. அதே கூட்டத்தில் சங்கோடு சேர்ந்து ஒலிக்கும் சேமக்கலமோ வெண்கலம். இரண்டுக்கும் மஞ்சள் சாயல் உண்டு, இரண்டிலும் பெரும்பங்கு செம்புதான். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம்.

தனிச் செம்பு மென்மையானது. அதன் அணுக்கள் அடுக்கடுக்காக இருப்பதால், அடி விழுந்தால் ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் எளிதாக வழுக்கும். வெள்ளீய அணு சற்றுப் பெரியது. அது இடையில் புகுந்ததும் அந்த வழுக்கல் தடைபட்டு, உலோகம் கடினமாகிறது. உருகுநிலையும் இறங்குகிறது. செம்பு உருக 1085 பாகை செல்சியஸ் வேண்டும். 10 விழுக்காடு வெள்ளீயம் கலந்தால் சுமார் 1000 பாகையிலேயே நன்றாக உருகி, அச்சின் நுண்ணிய இடுக்குகளுக்குள்ளும் ஓடும்.

சிலை வார்ப்பவர்களுக்கு இந்த ஓட்டம்தான் தேவை. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைக்கிறார்கள். சூடேற்றியதும் மெழுகு உருகி வெளியேறும், அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான்.

சோழர் காலத் திருமேனிகளில் வெள்ளீயம் பெரும்பாலும் 10 விழுக்காட்டுக்குள் இருக்கும், காரீயமும் கலந்திருக்கும். வெள்ளீயத்தின் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டினால் உலோகத்தின் குணமே வேறு. தட்டினால் அதிர்வு நெடுநேரம் நிற்கும், அதனால்தான் கோயில் மணிக்கு இந்தக் கலவை. ஆனால் கீழே விழுந்தால் உடைந்துவிடும். ஆறிய நிலையில் சம்மட்டியால் அடித்தால் விரிசல் விடும். செக்கச் சிவக்கக் காய்ச்சி அடித்து, தண்ணீரில் சட்டென்று அமிழ்த்தினால்தான் மெல்லிய பாத்திரம் கிடைக்கும். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் நடத்திய அகழாய்வுகளில் கிடைத்த வெண்கலப் பொருள்களிலும் இப்படி வெள்ளீயம் மிகுந்த கிண்ணங்கள் உண்டு. வெப்பமானி இல்லாத காலத்தில் நெருப்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே இதைச் செய்த கொல்லர்களின் திறமை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

கோயிலோடு வெண்கலத்தின் வேலை முடிவதில்லை. மதுரையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஓடும் பம்புசெட்டுகளில் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் புஷ் பலவும் வெண்கலமே. அதில் காரீயத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். உராயும்போது காரீயம் மெல்லப் படர்ந்து, எண்ணெய் குறைந்த நேரத்திலும் தண்டைத் தேயாமல் காக்கிறது.

பாத்திரக் கடையில் வெண்கலம் என்று சொல்லிப் பித்தளையை நீட்டினால் கண்ணை நம்பாதீர்கள். விளிம்பை லேசாகப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். ஓசை சட்டென்று அடங்கினால் சந்தேகப்படுங்கள். பாட்டி காலத்து வெண்கலப் பானை பரணில் கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். பழைய பித்தளையோடு சேர்த்து உருக்கிவிட்டால் அந்தக் கலவையைத் திரும்பப் பிரித்தெடுப்பது எளிதல்ல. துலக்கி அடுப்பில் ஏற்றிப் பொங்கல் வையுங்கள்.